கறுப்புச் சால்வை

"அந்தச் சால்வையைக் கழட்டிட்டு உள்ளே வா."

பேக்கிங் ஹால் வாசலில் புலெங் திகைத்து நின்றாள். புருஷனைப் புதைத்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இது துக்கத் துணி, மோசெலே அக்கா. மாமியார் போட்டு விட்டது. வருஷம் முடியற வரைக்கும் வெளியிடத்துல கழட்டக் கூடாது."

"தெரியும்."

"மேல கோட்டைப் போட்டு மூடிக்கறேனே?"

"குனிஞ்சா வெளியில வந்து உரசும். அத்தனையும் நைலான். கழட்டு."

சூப்பர்வைசர் மோசெலேயின் குரலில் இரக்கம் மருந்துக்கும் இல்லை.

வேறு வழி தெரியாமல் புலெங் சால்வையை இழுத்தாள். புளூம்ஃபொன்டைன் ஊரின் வறண்ட குளிரில் அது பட்பட்டென்று பொரிந்தது.

"கேட்டியா? நமக்கு இது வெறும் சுருக். உள்ளே இருக்கிற மருந்து பம்ப் போர்டுக்கு இந்த ஸ்டாட்டிக் கரண்ட் இடி விழுந்த மாதிரி. உடனே செத்துட்டாக்கூடத் தேவலை, டெஸ்ட்ல தெரிஞ்சுடும். அரை உயிரா ஆஸ்பத்திரி வரைக்கும் போய், மருந்து ஏறிட்டிருக்கும்போது பம்ப் நின்னா?"

கடைசி நாட்களில் புலெங்கின் புருஷன் செல்லோவுக்கும் அப்படியொரு பம்ப்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சால்வையோடு லாக்கர் பக்கம் திரும்பினாள். அங்கே கோட்டு மாட்டிக்கொண்டிருந்த லினேயோ பதறினாள்.

"ஏய், எங்க துணியோட அதை வைக்காதே! எங்க வீட்டு ஆம்பளைங்க உயிரோட இருக்காங்க."

"இங்கே கொடு. என் ரூம்ல இருக்கட்டும்" என்று மோசெலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

புலெங் மணிக்கட்டில் பட்டையை மாட்டி, அதன் ஒயரை மேஜையில் எர்த்தோடு சேர்த்தாள். போர்டுகளை ஒவ்வொன்றாக வெள்ளி நிற உறையில் போட்டு ஒட்டினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. தோள்தான் என்னவோ போலிருந்தது.

மத்தியானம் சோளக் களியை உருட்டிக்கொண்டே லினேயோ ஆரம்பித்தாள்.

"கல்நெஞ்சுக்காரி! கல்யாணம் காட்சின்னு ஒண்ணைப் பார்த்திருந்தாத்தானே? ஒண்டிக்கட்டைக்குப் புருஷனோட அருமை எங்கேருந்து தெரியும்?"

"அவரை வாசல்லயே நிறுத்திட்டு நான் மட்டும் உள்ளே வந்துட்ட மாதிரி இருக்கு, லினேயோ. குளிர்ல நின்னுட்டு, 'எங்கடி போயிட்டே'ன்னு கேக்கறாரு."

"அந்தத் துணி எந்த மூலையில கிடக்கோ! அட்டைப்பெட்டி மேல வீசியிருப்பா."

சாயங்காலம் மோசெலே சால்வையை மடித்துக் கொடுத்தாள். வாங்கும்போது சால்வை கதகதப்பாக இருந்தது. ரூமில் ஹீட்டர் போட்டிருப்பார்கள் என்று புலெங் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். காலையில் மோசெலே வாசலில் வாங்கிக்கொள்வாள், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள்.

"மகாராணிக்கு இப்பல்லாம் ஹாலுக்குள்ள வரவே நேரமில்லை, பார்த்தியா? ரூம்ல உட்கார்ந்துட்டு போன்லயே அதட்டல்" என்றாள் லினேயோ.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கரண்ட் போனது. மெஷினெல்லாம் நின்றதும் போர்டுகளை மூடி வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"எப்ப வருமோ தெரியலை. நான் போய்த் துணியை வாங்கிப் போட்டுக்கறேன்" என்றாள் புலெங்.

"நானும் வரேன். என்ன லட்சணத்துல வச்சிருக்கான்னு பார்த்துடலாம்."

சூப்பர்வைசர் ரூம் கதவு சாத்தியிருந்தது. லினேயோ தட்டாமலே தள்ளினாள்.

ஜன்னலோரமாக மோசெலே உட்கார்ந்திருந்தாள். தோளில் புலெங்கின் சால்வை. முறைப்படி போர்த்தி, மார்பில் ஊக்குக் குத்தியிருந்தாள்.

"அடிப்பாவி! அடுத்தவ துக்கத் துணியை..." லினேயோ கத்தினாள்.

மோசெலே பதறி எழுந்தாள். விரல்கள் ஊக்கைத் தேடின.

"தப்பா நினைக்காதே, புலெங். ஆணியில மாட்டி வச்சா உன் துக்கம் நடுவுல அறுந்துடுமேன்னு தோணிச்சு. யார் தோள்லயாவது இருந்தா அறாதில்ல?"

"அதான் நீங்க ஹாலுக்கே வரலையா?"

"இதைப் போட்டுட்டு நான் மட்டும் எப்படி உள்ளே வர்றது?"

லினேயோவின் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குப் பயமாயில்லையாக்கா? அடுத்தவ துணியைத் தொட்டாலே நம்ம வீட்டு ஆம்பளைக்கு ஆகாதும்பாங்களே."

"என் வீட்டுல இனிமே யாருக்கு என்ன ஆகணும்?"

புலெங்குக்குக் கண் நிறைந்தது. "எனக்காகப் போய் இவ்வளவு பண்ணியிருக்கீங்களேக்கா..." என்றபடி ஊக்கைக் கழற்ற உதவிக்குப் போனாள்.

மோசெலே சால்வையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, புலெங். கரண்ட் வர்ற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்... மொஹாபியும் நானும் ஒரே வீட்டுல அத்தனை வருஷம் வாழ்ந்தோம். அவர் செத்துப் போனப்போ அவங்க வீட்டுல, 'பரிசமா மாடு கொடுத்தா உன்னை எடுத்தோம்?'னு கேட்டு, எனக்கு இதைப் போட்டு விடமாட்டேன்னுட்டாங்க."