ஆல்வின் பேசிய முக்கால் மணி நேரம்

"மூஞ்சி தெரியாத ஆளுகிட்டப் போன்ல என்னத்தப் பேசறது?"

நாலு மாதத்தில் ஆல்வின் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். மறுப்பதற்காகத்தான் பேசினான். ஆனாலும் புருஷன் வாயைத் திறந்ததே மெர்சிக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இவனுடைய டாக்சியில் ஏறியவர்கள் ரேடியோவைப் போடச் சொன்னதே கிடையாது. அப்படி ஒரு பேச்சு! காந்திபுரத்தில் ஏறினவர் உக்கடத்தில் இறங்குவதற்குள் சொந்தக்காரராகவே ஆகிவிடுவார். அதெல்லாம் ஏப்ரல் மாதத்தோடு போயிற்று. நெஞ்சுவலி என்று ஏறிய பெரியவர் ஒருவர், வண்டி சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்றபோது பின்சீட்டிலேயே உயிரை விட்டுவிட்டார். யாரும் இவனைக் குறை சொல்லவில்லை. அவருடைய மகனே வந்து கையைப் பிடித்து, "உங்களால ஆனதச் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு மூடிய வாய்தான். வண்டியையும் தொடவில்லை. என் பழைய மனுஷனைத் திருப்பிக் கொடுத்துவிடும் கர்த்தரே என்பதுதான் மெர்சியின் ஒரே ஜெபம்.

மனநல டாக்டரிடம் கூப்பிட்டால் வரமாட்டான். ஸ்டாண்டு டிரைவர் எவனாவது பார்த்துவிட்டால் பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களாம். அதனால்தான் ஆன்லைன் கவுன்சலிங் என்று முடிவு செய்தாள். அதிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் தோழி அன்புச்செல்வியிடம் துருவித் துருவிக் கேட்டாள். பேசப் போகிறவர் முறையாகப் படித்தவரா என்று முதலில் பார்க்கச் சொன்னாள் அன்பு. சாவைப் பற்றி ஏதாவது பேசினால் போனை நம்பி உட்கார்ந்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றாள். அப்படி இல்லையென்றால் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டும், ஒத்துவந்தால் சரி, வராவிட்டால் வேறு வழி இருக்கிறது.

"மொகத்தக் காட்ட வேண்டாமுங்க. கொரல் மட்டும் போதும். புடிக்கலீன்னா பாதியில வெச்சுப்போடுங்க, அப்பறம் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றாள் மெர்சி.

அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வீட்டில் வைத்துப் பேசமுடியாது. அது லைன் வீடு. முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அதனால் தெருமுனை மரத்தடியில் தூசி படிந்து நின்ற அவனுடைய டாக்சியையே மெர்சி துடைத்து வைத்திருந்தாள். காலை பத்து மணிக்கு அதில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டு இயர்போனை மாட்டிக்கொண்டான். மெர்சி பத்தடி தள்ளி நின்று காவல் காத்தாள். அடுத்த வீட்டு பங்காரம்மாள் குடத்தோடு வந்து என்ன ஏது என்று விசாரித்தபோது, வண்டியை விலைக்குக் கேட்டு யாரோ பேசுகிறார்கள் என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

முதல் அஞ்சு நிமிஷம் அவன் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தாள் மெர்சி. அப்போதுதான் அவன் உதடு அசைந்தது.

அப்புறம் கை அசைந்தது. ஸ்டியரிங்கைக் காட்டினான், திரும்பிப் பின்சீட்டைக் காட்டினான், ஹாரன் அடிப்பதுபோல உள்ளங்கையால் காற்றில் அடித்து அடித்துக் காட்டினான். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஓடிப்போய்க் கதவைத் திறக்கத் துடித்த காலை மெர்சி அடக்கிக்கொண்டாள். அழுது முடித்தவன் மறுபடி பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். முகம் தெரியாத அந்தக் கவுன்சலர் அம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மெர்சி மனசார வாழ்த்தினாள்.

பத்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

"நல்லாக் கேட்டாங்களாங்க?" என்றாள் மெர்சி.

"ரொம்ப மரியாதப்பட்ட பொம்பள, மெர்சி. நான் அத்தன பேசியும் குறுக்க ஒரு வார்த்த பேசுல. அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு போனை எடுத்தேன்" என்றவன், அதை அவளிடம் நீட்டினான்.

சார்ஜ் இறங்கி போன் செத்துக் கிடந்தது.

"நீங்க பேசுங்க, நான் கேட்டுட்டிருக்கேன்னு சொன்னாங்க. அதுக்கு மேல அந்தப் பக்கம் சத்தமே இல்ல."

மெர்சிக்குப் பகீரென்றது. "அப்ப நீங்க பேசுனது அத்தனையும்..." என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆல்வின் சிரித்தான்.

"அழுவாத கண்ணு, எனக்குப் பேச வருது. எவன் பாத்தாலும் பாத்துட்டுப் போறான், நேர்லயே கூட்டிட்டுப் போ. மொதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்றேன், இந்தத் தடவ ஒரு ஆளு கேக்கட்டும்."