பந்து நின்ற இடம்

இறுதிப் போட்டியின் கடைசி நிமிடம். கோல்கீப்பர் பெர்க்மான்ஸை ஏமாற்றிக் கீழே விழவைத்துவிட்டு ஆல்பின் காலை ஓங்கியபோது, தடுக்க வந்த ஒருவன் கோல் கம்பத்தில் மோதி மண்டையில் அடிபட்டுச் சரிந்ததைக் கண்டு நடுவர் ததேயுஸ் விசில் ஊதிவிட்டார். கோலுக்கு அருகே இப்படி ஆட்டம் நின்றால், பந்தைக் கோல்கீப்பருக்கே போட்டுக் கொடுத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

“இது நியாயமா சார்?” என்றான் ஆல்பின்.

“சட்டம் அப்படித்தாம்ப்பா இருக்கு,” என்று ததேயுஸ் பந்தைப் போட்டார்.

பெர்க்மான்ஸ் அதை மெல்ல உருட்டிவந்து ஆல்பினின் முன்னால் நிறுத்தினான். பிறகு போய், முன்பு விழுந்து கிடந்த அதே இடத்தில் அதேபோல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். தலையில் கட்டுப் போட்டிருந்தவனும் வந்து, தான் சரிந்த இடத்தில் சரிந்தான்.

ஆல்பின் பந்தையே பார்த்தபடி தாழ்ந்த குரலில் கேட்டான்: “சார், அப்ப நான் எந்தக் கால ஓங்கியிருந்தேன்?”