வாசலில் இரும்போடு ஒருவர்

லாரிச் சக்கரம் கழற்றுகிற வீல் ஸ்பேனரை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியின் வகுப்பறைக் கதவையே பார்த்தபடி அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மெக்கானிக் என்று பார்த்ததுமே தெரிந்தது.

உள்ளே, முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் நர்ஸ். குழந்தைக்குப் பதில் ஒரு ரப்பர் பொம்மை. வந்தவர்களில் சின்னவளுக்குப் பதினெட்டுதான், எட்டாம் மாதம். கை நழுவிப் பொம்மையின் தலை தொட்டியில் இடித்ததும், வலிக்கிறதா என்று அதனிடமே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேல் தட்டிலிருந்து துண்டை எடுக்க நர்ஸ் சட்டென்று கையைத் தூக்கினாள். சின்னவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். முழங்கைக்கு மேல் கன்றிப்போய்ப் பச்சையும் நீலமுமாக இருந்தது.

மற்றவர்கள் போன பிறகு நர்ஸ் மெல்ல விசாரித்தாள். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள், பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. மிச்சக் கதையை நர்ஸ் தானே போட்டு நிரப்பிக்கொண்டாள். வெளியே இருப்பவரை வாட்ச்மேனிடம் சொல்லி விரட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் சிஸ்டர். அவர் அங்கயே இருக்கட்டும்."

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, நர்ஸ் வராந்தாவுக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவளின் புருஷன் வந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் குழந்தை உடுப்புகள் எட்டிப் பார்க்கும் பை. மனைவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருப்பதாகச் சிரித்த முகத்தோடு நர்ஸிடம் சொன்னான்.

பெரியவர் எழுந்தார். போய்விடு என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவன் ஓர் அடி முன்னால் வைத்ததும் இரும்பை வீசினார். தோளில் விழுந்த அடியில் பை பறந்தது. வெள்ளைச் சட்டை சிவந்தது.

வாட்ச்மேனும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற இரண்டு பேரும் பாய்ந்து பெரியவரைக் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். வாட்ச்மேன் தடியால் விளாசினான். உதடு கிழிந்தது. அடிப்பவர்களை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு, கதவு என்றுதான் முனகினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நர்ஸ் தட்டிப் பார்த்தாள். பெரியவரைப் பிடித்தாயிற்று, வந்திருப்பது உன் வீட்டுக்காரர்தான், பயப்படாமல் திற என்றாள். கதவு திறக்கவில்லை.

"நகருங்க சிஸ்டர். நான் சொன்னாத் திறப்பா," என்றான் அவன், சிரிப்பு மாறாமல்.

அவன் சொல்லவில்லை, உதைத்தான். இரண்டாவது உதையில் கீல் பெயர்ந்தது. குறுக்கே வந்த நர்ஸின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். "போன தடவையே உன் வயித்துல மிதிச்சிருக்கணும்டி," என்று கதவைப் பார்த்துச் சொன்னான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

பெரியவரை அமுக்கியிருந்த கைகள் தாமாகவே தளர்ந்தன. அவர் தவழ்ந்து போய் இரும்பை எடுத்தார். மூன்றாவது உதைக்குக் கதவு விழுவதற்கும், அவன் முழங்காலில் இரும்பு இறங்குவதற்கும் சரியாக இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. மல்லாந்து சாய்ந்தவனின் தலை படியில் மோதாமல் ஒரு கையால் தாங்கித் தரையில் விட்டார். பிறகு அடுத்த காலையும் அடித்து முறித்தார்.

உள்ளே மூலையில் பொம்மையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள் சின்னவள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீங்கிய கழுத்தோடு நர்ஸ் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். என்னதான் தலைமுழுகினாலும் பெற்ற மனசு விடுமா? அப்படிப்பட்டவரை நாயை அடிப்பதுபோல் அடிக்க விட்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போலீஸ்காரர் வந்தார். பெரியவர் இரும்பை அவர் காலடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். நடந்ததைக் கேட்ட போலீஸ்காரருக்கு விலங்கு மாட்ட மனசு வரவில்லை. தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், தான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றார்.

"பொண்ணுக்கு அப்பா நீங்கதானே?"

பெரியவர் உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"இல்லைங்க. கீழ கிடக்கிறவனுக்கு."