அதே மொடல்

மகளின் குரலுக்கு ஆறாயிரம் ரூபாய் என்றேன்.

வீரையா பேரம் பேசவில்லை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி மடவளைக்கு வந்தவர், சேறு குடித்துச் செத்த ஒரு போனைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

பேரம் பேசாதவரிடம் வியாபாரம் செய்வது சுவரில்லாத பக்கம் சாய்வது மாதிரி. நானே என்னோடு பேரம் பேசி நாலாயிரத்துக்கு இறங்கினேன்.

மண்சரிவு லயத்து வீடுகளைக் கொண்டுபோனபோது அவர் மகள் சுபாஜினி உள்ளே இருந்திருக்கிறாள். மண்ணைத் தோண்டியவர்கள் அவளுடைய போனை எடுத்துக் கொடுத்தார்களாம். வீரையாவின் போன் கிடைக்கவேயில்லை.

"மொகம் இருக்கு மொதலாளி, ஐடென்டி காட்ல. கொரலுதான் இல்ல."

கடை என்னுடையது. வேலை தம்பி ஸிபானுடையது.

காதை மூடிய ஹெட்போனோடு பின்பக்கத்தில் இருப்பான். முப்பது தாண்டிவிட்டது. ஆட்களின் முகம் அவனுக்கு இரைச்சல் மாதிரி, பார்க்கமாட்டான். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஸிபான் என்ற பெயரே போதுமென்று உம்மா விட்டுவிட்டார்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே படித்துக்கொண்டவன். இணையக் குழுக்களில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவான். இங்கே உட்கார்ந்துகொண்டு மன்னாரில் யாரோ ஒருவருடைய பிரிண்டரை ஓடவைப்பான். சதம் வாங்கமாட்டான். நன்றி என்று வருகிற இதயப் படங்களை எந்த வங்கியும் வைப்பில் ஏற்காது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

நாளில் ஒரு தடவைதான் ஹெட்போனைக் கழற்றுவான். பின்நேரத்து அஸர் பாங்கு முடிந்து, கோப்பை மேசைக்கு வந்ததும் உம்மாவின் குரல் கேட்கும்.

"ஸிபான், தேத்தண்ணி ஆறுது. வாங்க மகன்."

அதைக் கேட்காமல் கோப்பையைத் தொடமாட்டான்.

வீரையாவின் போனைத் திறந்தவன், போர்ட் செத்துவிட்டது, குரல்கள் பதிந்த சில்லு உயிரோடிருக்கிறது என்றான். அதே மொடல் போன் இன்னொன்று வேண்டும். அதன் சில்லைச் சூடாக்கிப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை ஒட்டவேண்டும். அங்கே போர்டைத்தான் காப்பாற்றவேண்டும், அதனால் பெயர்க்கிற அதன் சில்லு பிழைக்காது. கொடுக்கிற போன் அதோடு சரி.

மலிவான பழைய மொடல். கண்டியில் தேடினேன். கொழும்பிலும் கேட்டேன். இல்லை.

ஸிபான் அந்தக் குழுக்களில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டான். கவலை முகங்களும் இதயங்களும் குவிந்தன. போன் வரவில்லை.

கிடைக்காதென்று வீரையாவுக்குச் சொல்லிவிடுவோம் என்றேன்.

"ஒண்டு ஈக்குது, நானா." அண்ணனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கைக்கு வந்த சாமானின் பூர்வீகத்தை எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு வீரையா வந்தார். ஸிபான் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு திரையை அழுத்தினான்.

"அப்பா, மாத்திரைய போட்டீங்களா? சும்மா போட்டேன் போட்டேன்னு சொல்லாதீங்க."

வீரையா போனைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் இல்ல தாயி."

ஸிபான் எல்லாக் குரலையும் ஒரு சின்ன மெமரி கார்டிலும் போட்டு நீட்டினான். "இதும் அதும் ஒண்டுதான். ஒரு புள்ளி வித்தியாசமில்ல. பயப்பட வாணாம்."

"அந்தப் போனுக்குத் தனியா எவ்வளவு தம்பி தரணும்?"

"வீட்டுச் சாமான்" என்றான் ஸிபான்.

நாலாயிரத்தை வாங்கிப் பெட்டியில் போட்டேன். கைராசியான வியாபாரம் என்றுகூட நினைத்தேன்.

அஸர் பாங்கு கேட்டது. என் மனைவி ரிப்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். ஸிபான் ஹெட்போனைக் கழற்றினான்.

குரல் வரவில்லை.

அவன் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். நான் அவன் மேசை லாச்சியை இழுத்தேன்.

உம்மாவின் போன் முதுகு திறந்து கிடந்தது. உள்ளே போர்ட் இருந்த இடம் காலி, பக்கத்தில் நகமளவு கருகிய சில்லு. விலைபோகாத மொடல் என்று நான்தான் அன்று அந்தப் போனை உம்மாவுக்குக் கொடுத்தேன். உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருடம். எப்போதோ அவனுக்கு அனுப்பிய அந்த ஒற்றைக் குரல் செய்தியைத்தான், அஸருக்கு அஸர், அந்தப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரில் தேடினேன். இருந்தது. பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் போனைக் கழற்றியிருக்கிறான். அவன் விவரமில்லாதவன் அல்ல. அழுத்தினேன். அதே குரல். 'வாங்க' என்பதற்கு முன்னால் அதே இருமல்.

கடைசிவரை கேட்டான். கோப்பைக்குக் கை போகவில்லை.

"உம்மாதானேடா."

"கொப்பி, நானா."

கடையைப் பூட்டுமுன் கணக்குப் பார்த்தேன். வீரையா காசைத் தந்தார், மகளைக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் தீர்ந்தது.

எங்கள் பக்கம், ஆடை படிந்த ஒரு கோப்பை தேத்தண்ணீர். பாக்கி.