நான்கு ஸ்பீக்கர்கள்

"கார்ல முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர் போதும். கையில இருக்கற காசுக்கு அதான் சரி" என்றார் என் கணவர்.

"பின்சீட்டுல வர்ற எங்கம்மாவுக்கு யார் பாடறது, நீங்களா?" என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அக்கா சொல்றதக் கேளுங்க சார். நாலு போட்டா வண்டியே கச்சேரி மேடைதான்."

"மீதிப் பணம் வேற செலவுக்கு வெச்சிருக்கேன்" என்று கணவர் முனகினார்.

"என்ன செலவோ, அடுத்த மாசம் பாத்துக்கலாம். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

நான்காகவே வாங்கினோம்.

மூன்றாவது வாரம், மழையில் பிரேக் போட்டும் வழுக்கிப் போய் வண்டி லாரியில் மோதியது. தனியாகப் போனவர் திரும்பவே இல்லை.

நசுங்கிய வண்டியைக் காட்டிய மெக்கானிக், "ஸ்பீக்கர் நாலும் அப்படியே இருக்கும்மா, கழட்டித் தரட்டுமா?" என்றார். பிறகு டயரைத் தடவினார்.

"வழுவழுன்னு தேஞ்சிருக்கே! மாத்தச் சொல்லி போன மாசமே சார்கிட்ட சொன்னேன். பணம் எடுத்து வெச்சிட்டேன்னாரேம்மா!"