நாற்காலியில் கிடந்த துண்டு

நீச்சல்குளத்தில் பெண்களுக்கான நேரம் மூன்றிலிருந்து நான்கு மணி வரை. சுகிர்தா பெரிய துண்டொன்றைத் தோளோடு போர்த்திக்கொண்டே வருவாள். தண்ணீரை ஒட்டிய நாற்காலியில் அதைப் போட்ட மறுகணம் குளத்துக்குள் இருப்பாள். இரண்டு வருடங்களில் அறுபது கிலோ போய்விட்டது. தோல் மட்டும் போகவில்லை. புஜங்களில் அது காலிப் பை போலத் தொங்கியது. பருமனாக இருந்த நாட்களில், தண்ணீருக்குள் நடப்பதற்கு இறங்கினாலே, “குளம் வழியப்போகுது” என்று யாராவது சிரிப்பார்கள். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் கைகளை விலாவோடு ஒட்டிவைத்தே நீந்தப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மூழ்கினாள். “அக்கா, கைய நல்லா அகட்டுங்க. இப்படி இறுக்கி வெச்சிருந்தா எப்படி மிதப்பீங்க?” என்றாள் நீச்சல் சொல்லித்தரும் ஷகிலா. அன்று சுகிர்தா கைகளை விட்டுவிட்டாள். தொங்கிய தோல் தண்ணீரில் எழும்பி இருபுறமும் மெல்ல அசைந்தது. அதுவரை மருத்துவரைத் தவிர வேறு யாரும் தொடாத தோல் அது. தண்ணீர் ஒரு மடிப்பையும் விடாமல் தொட்டது. நான்கு மணிக்கு விசில் ஊதியதும் மேலே ஏறினாள். துண்டை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, உடை மாற்றும் அறை வரை சொட்டச் சொட்ட அப்படியே நடந்தாள். பெண்கள் தலை துவட்டிக்கொண்டும் போனில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. துண்டை எடுத்துவர மறுபடியும் அவ்வளவு தூரம் போக வேண்டும். இம்முறை இன்னும் மெதுவாக நடந்தாள்.