முறைப்பாட்டுப் புத்தகம்

திருமண ஆண்டு நிறைவு நாளன்று கிறிஸ்துராஜா தன் மனைவி அஞ்சலீனாவை சட்டன் நகரிலுள்ள ஒரு மெக்சிகன் உணவகத்துக்கு முதன்முறையாகக் கூட்டிப்போனார். சோறு ஆறியிருந்தது. ரொட்டி தோல்போல இழுபட்டது. எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, பரிமாறிய பெண்ணை அவர் ஏசினார்.

“காணுமப்பா, விடுங்கோ,” என்றாள் அஞ்சலீனா.

அந்தப் பெண் முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் விரித்தார். பக்கம் பக்கமாக அவருடைய கையெழுத்தில் தமிழ் இருந்தது. கடைசிக் குறிப்பில் இன்றைய திகதி.

‘சோறு ஆறியிருந்தது. அந்தப் பிள்ளையை ஏசினேன். அஞ்சலீனா அழுதாள்.’

அவர் நிமிர்ந்தார். அஞ்சலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா எழுதிக்கிடக்கு?”

“ஒண்டுமில்லை.”

முகம் சிறுத்துப்போய், அவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்.

“பரவாயில்லை,” என்றாள் அவள். “ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள்.”